தேடுசொற்களைக் குழுவாக்குதல், தேடுபவரின் நோக்கம் அறிதல்: கடலூர், புதுச்சேரி சிறு வணிகத் தளங்களுக்கான வழிகாட்டி

பண்ருட்டி முந்திரியைக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் சில்லறையாக விற்கும் கடை ஒன்று, வெளியூர் வாடிக்கையாளர்களுக்காக இணையதளம் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தளத்தை அமைத்துக் கொடுப்பவர் பெரும்பாலும் முதலில் கேட்பது, “என்னென்ன கீவேர்டு (தேடுசொல்) போடணும்?” என்பதுதான். கடைக்காரரும் முந்திரி, முந்திரி விலை, பண்ருட்டி முந்திரி, தரமான முந்திரி, முந்திரி மொத்த விற்பனை என்று தமக்குத் தோன்றியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார். பிறகு அந்தச் சொற்கள் எல்லாம் முகப்புப் பக்கத்தில் அள்ளித் தெளிக்கப்படும். இல்லையென்றால் சொல்லுக்கொரு பக்கம் என்று இருபது முப்பது பக்கங்கள் முளைக்கும். இரண்டு வழியிலும் பயன் கிடைப்பதில்லை. எந்தச் சொற்கள் ஒரே தேவையிலிருந்து பிறக்கின்றன, எவை ஒன்றுபோலத் தோன்றினாலும் வேறு வேறு தேவைகளைச் சொல்கின்றன என்று பிரித்தறிந்து, தேவைக்கு ஒரு பக்கம் என்று அமைப்பதே எஸ்.இ.ஓ., அதாவது தேடுபொறி முடிவுகளில் தளம் நல்ல இடம் பெறச் செய்யும் வேலையின் அடித்தளம். அதைச் செய்யும் முறையை, இத்துறைக்குப் புதியவர்களை மனத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன். கட்டண மென்பொருள் எதுவும் இதற்குக் கட்டாயமில்லை. கூகுளின் இலவசக் கருவிகளும், ஓர் எக்செல் தாளும், சில நாள் பொறுமையும் போதும்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவது நல்லது. பக்கத்தின் நிரலுக்குள் ‘மெட்டா கீவேர்டுஸ்’ என்ற இடத்தில் சொற்களை அடுக்கி வைக்கும் வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. பக்கங்களை வரிசைப்படுத்த அந்தக் குறிப்பைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. அதற்குச் செலவிடும் நேரம் வீண்.

தேடல் நோக்கம் என்பது என்ன

தேடல் பெட்டியில் ஒருவர் அடிக்கும் சொல்லுக்குப் பின்னால் அவர் முடிக்க நினைக்கும் காரியம் ஒன்று இருக்கிறது. அதையே தேடல் நோக்கம் என்கிறோம். கணினி அறிவியலாளர் ஆண்ட்ரே பிரோடர் 2002-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இணையத் தேடல்களை மூன்றாகப் பிரித்தார். குறிப்பிட்ட ஒரு தளத்தை அடைவதற்கான தேடல், ஒரு விவரத்தை அறிவதற்கான தேடல், இணையத்தின் வழியே ஒரு செயலை முடிப்பதற்கான தேடல் என்பவை அவை. வாங்குவதற்கு முன் ஒப்பிட்டுப் பார்க்கும் தேடல் என்ற நான்காவது வகையைத் தொழிலில் உள்ளவர்கள் பின்னர் சேர்த்துக்கொண்டார்கள். கூகுள் தன் முடிவுகளின் தரத்தை மதிப்பிடும் பணியாளர்களுக்காக வெளியிட்டுள்ள நெறிமுறைகளில், அறிதல், செய்தல், தளத்தை அடைதல், நேரில் செல்லுதல் என்ற பாகுபாடு காணப்படுகிறது. கடைவீதியில் கதவைத் திறந்து வைத்திருக்கும் வணிகருக்கு, நேரில் செல்லுதல் என்ற வகை மற்ற மூன்றுக்கும் குறையாத முக்கியத்துவம் உடையது.

‘ஜிப்மர் வெளிநோயாளர் பதிவு’ என்று அடிப்பவருக்கு ஜிப்மரின் தளத்தைத் தவிர வேறெதுவும் வேண்டாம். அங்கே நம் கட்டுரைக்கு இடமில்லை. ‘முந்திரியில் வண்டு வராமல் வைப்பது எப்படி’ என்பவர் அறிய வந்தவர். முந்திரியின் இரண்டு தரக் குறியீடுகளைச் சொல்லி, ‘டபிள்யூ 240, டபிள்யூ 320 எது நல்லது’ என்பவர் வாங்கத்தான் போகிறார், ஆனால் இன்னும் முடிவு செய்யவில்லை. ‘முந்திரி 1 கிலோ ஆன்லைன்’ என்பவர் பணம் செலுத்தத் தயாராக இருக்கிறார். ‘மஞ்சக்குப்பம் முந்திரி கடை’ என்பவர் வண்டியை எடுக்கப் போகிறார். ஐந்து பேருக்கும் ஒரே பக்கத்தைக் காட்டினால் ஐவருமே திரும்பிப் போவார்கள்.

இந்த வகைகளை இறுக்கமான பெட்டிகளாகக் கொள்ள வேண்டாம். ‘பண்ருட்டி முந்திரி’ என்று மட்டும் அடிப்பவர் வாங்க வந்தவராக இருக்கலாம். அவ்வூர் முந்திரி ஏன் பெயர் பெற்றது என்று அறிய வந்த கல்லூரி மாணவராகவும் இருக்கலாம். இத்தகைய சொற்களுக்குத் தேடல் முடிவுகளே கலவையாக இருக்கும். அவற்றுள் எந்த நோக்கம் ஓங்கி நிற்கிறது என்று பார்ப்பதே நம் வேலை.

முதல் படி: சொற்களைத் திரட்டுதல்

கருவிகளைத் திறப்பதற்கு முன், கடையின் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு மாலை நேரம் நின்று கேளுங்கள். “பாயசத்துக்குப் போட உடைச்ச பருப்பு இருக்கா?” என்று ஒருவர் கேட்பார். “கல்யாணத்துக்கு ஸ்வீட் போடணும், அரைப்பருப்பு பத்து கிலோ எடுத்தா என்ன விலை போடுவீங்க?” என்பார் இன்னொருவர். “பொண்ணு வெளிநாட்டுல இருக்கா, அனுப்பினா ரெண்டு மாசம் கெடாம இருக்குமா அண்ணே?” என்று ஓர் அம்மா கேட்பார். இந்த மூன்று கேள்விகளிலும் மூன்று தனித்தனி நோக்கங்கள் இருக்கின்றன. முதலாவது பயன்பாட்டை வைத்து வாங்குவது. இரண்டாவது மொத்தமாக வாங்குவது. மூன்றாவது கெடாமல் வைப்பது பற்றியும் அனுப்புவது பற்றியும் அறிவது. கடையின் சரக்குப் பட்டியலில் இருப்பதோ டபிள்யூ 240, டபிள்யூ 320 போன்ற தரக் குறியீடுகள் மட்டுமே. வாடிக்கையாளரின் வாயில் வரும் சொல்லுக்கும் வணிகரின் பட்டியலில் உள்ள சொல்லுக்கும் இடையிலுள்ள இந்தத் தூரத்தைக் குறைக்காத தளம், எவ்வளவு அழகாக இருந்தாலும் தேடலில் கிடைக்காது. கடையின் வாட்ஸ்அப்பில் வந்து குவிந்திருக்கும் விசாரணைகளும் இதே வகைச் செல்வம்தான். அவற்றிலுள்ள கேள்விகளை, கேட்டவர்களின் பெயரையும் எண்ணையும் விட்டுவிட்டு, கேட்டபடியே எக்செலில் ஏற்றுங்கள்.

அடுத்து கூகுள் தேடல் பெட்டிக்கு வருவோம். ‘முந்திரி’ என்று அடித்து இடைவெளி விட்டவுடன் கீழே விரியும் பரிந்துரைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதனோடு ‘அ’, ‘க’, ‘வி’ என்று ஒவ்வோர் எழுத்தாகச் சேர்த்துப் பாருங்கள். பரிந்துரைகள் மாறிக்கொண்டே வரும். முடிவுப் பக்கத்தின் நடுவில் வரும் கேள்விப் பெட்டியையும், அடியில் வரும் தொடர்புடைய தேடல்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தளம் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தால், எல்லாவற்றிலும் மதிப்பு மிக்கது, தளத்தின் உரிமையாளருக்கான கூகுளின் இலவசக் கருவியான சர்ச் கன்சோல். எந்தெந்தச் சொற்களுக்கு உங்கள் பக்கங்கள் முடிவுகளில் தோன்றின, எத்தனை கிளிக் கிடைத்தது, சராசரியாக எத்தனையாவது இடம் என்ற விவரம் 16 மாதங்கள் பின்னோக்கிக் கிடைக்கும். திரையில் 1,000 வரிசைகள் வரைதான் காட்டும். மிக அரிதாகத் தேடப்பட்ட சொற்களைத் தனியுரிமை கருதி மறைத்துவிடும். ஆகவே சொற்களைக் கூட்டிப் பார்த்த தொகை மேலே காட்டும் மொத்தத்துக்கு ஈடாகவில்லையே என்று குழம்ப வேண்டாம்.

கூகுள் விளம்பரக் கணக்கில் உள்ள கீவேர்டு பிளானர் தேடல் அளவைக் காட்டும். விளம்பரத்துக்குச் செலவிடாத கணக்குகளுக்கு 100 முதல் 1,000 வரை என்பதுபோல அகலமான இடைவெளியாகவே அது கிடைக்கும். அதிலுள்ள ‘போட்டி’ என்ற பத்தி விளம்பரதாரர்களுக்கு இடையேயான போட்டியைக் குறிக்கிறது. விளம்பரமல்லாத இயல்பான முடிவுகளில் இடம்பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை அது சொல்வதில்லை. புதியவர்கள் பலர் இங்கேதான் தவறாகப் படிக்கிறார்கள். தமிழ் எழுத்தில் அடிக்கும் பல சொற்களுக்கு இக்கருவியில் எண்ணே வராது. எண் வராததால் அந்தச் சொல்லை யாரும் தேடுவதில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு நாளும் வரும் தேடல்களில் ஏறத்தாழ 15 விழுக்காடு, அதற்கு முன் ஒருமுறைகூட வராதவை என்று கூகுளே சொல்லியிருக்கிறது. கல்லாவில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் ஒரு கேள்வி, கருவியில் பூஜ்யமாக இருந்தாலும் பட்டியலில் இருக்கத் தகுந்தது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாம் படி: ஊர்ப் பெயரும் எழுத்தும்

நம் பகுதியில் பட்டியலைச் சீர் செய்யும் வேலை மற்ற ஊர்களைவிடக் கொஞ்சம் கூடுதலானது. ஒன்றியப் பகுதியின் பெயர் 2006-இல் அதிகாரப்பூர்வமாகப் புதுச்சேரி என்று மாறியது. ஆனால் விடுதி தேடும் சென்னைக்காரரும் பெங்களூர்க்காரரும் இன்றும் பாண்டிச்சேரி என்றும், அதைவிடச் சுருக்கமாகப் பாண்டி என்றும்தான் அடிக்கிறார்கள். புதுவை என்பதும் உண்டு. இவற்றின் ஆங்கில எழுத்து வடிவங்களையும் சேர்த்தால் ஒரே ஊருக்குப் பத்துப் பெயர் ஆகிவிடும். ‘பாண்டிச்சேரி விடுதி’, ‘புதுச்சேரி விடுதி’, ‘பாண்டியில் தங்கும் அறை’ ஆகியவை ஒரே குழு. அவற்றுக்கு மூன்று பக்கங்கள் தேவையில்லை. ஆனால் ‘ஒயிட் டவுன் ஹெரிடேஜ் விடுதி’ என்பதும் ‘ஆரோவில் விருந்தினர் இல்லம்’ என்பதும் அந்தக் குழுவில் சேரா. ஒன்று பிரெஞ்சுக் காலக் கட்டடத்தில், கடற்கரைச் சாலைக்கு நடந்துபோகும் தூரத்தில் தங்க விரும்புபவரின் தேடல். மற்றொன்று வேறோர் அனுபவத்தை நாடி, வேறோர் இடத்துக்குச் செல்பவரின் தேடல்.

கருவிகளில் ‘புதுச்சேரி’ என்று இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் கவனம் வேண்டும். ஒன்றியப் பகுதி முழுவதையும் தேர்ந்தால் காரைக்கால் மட்டுமல்லாமல், கேரளம் சூழ்ந்த மாஹேயும் ஆந்திரம் சூழ்ந்த ஏனாமும் உள்ளே வந்துவிடும். அதே நேரத்தில் நகரை ஒட்டியுள்ள கோட்டக்குப்பமும், ஆரோவில்லின் பெரும்பகுதியும் விழுப்புரம் மாவட்டத்தில் இருப்பதால் வெளியே போய்விடும். இதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு: அந்த இடத் தேர்வு தேடுபவர் எங்கே இருக்கிறார் என்பதைத்தான் குறிக்கிறது. புதுச்சேரியில் விடுதி தேடுபவர்கள் புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு தேடுவதில்லை. விடுதிக்கு அளவு பார்க்கும்போது தமிழ்நாட்டையும் கர்நாடகத்தையும் சேர்த்துப் பாருங்கள். பழுது பார்ப்பவர், பல் மருத்துவர், டியூஷன் போன்ற உள்ளூர்ச் சேவைகளுக்கு மட்டும் ஊரளவில் சுருக்குங்கள்.

இனி எழுத்து. நம் வாசகர்கள் தமிழ் எழுத்திலும் தேடுகிறார்கள், தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தும் தேடுகிறார்கள், முழு ஆங்கிலத்திலும் தேடுகிறார்கள். தமிழ் எழுத்தில் அடிப்பவர்கள் ஒற்றுப் போடுவதில்லை; ‘முந்திரி பருப்பு விலை’ என்றே அடிப்பார்கள். உங்கள் பக்கத்தில் ‘முந்திரிப் பருப்பு’ என்று பிழையின்றி எழுதுங்கள். தேடுபவர் விட்டுவிட்ட ஒற்றை நாமும் விட வேண்டிய கட்டாயமில்லை. 2013-இல் ஹம்மிங்பேர்ட், 2019-இல் பெர்ட் என்று கூகுள் கொண்டுவந்த மாற்றங்கள், எழுத்தை அப்படியே ஒப்பிடுவதிலிருந்து பொருளைப் புரிந்துகொள்வதை நோக்கித் தேடலை நகர்த்தியிருக்கின்றன. எழுத்துப் பிழைகளை வேண்டுமென்றே பக்கத்தில் செருகுவது வாசகரின் நம்பிக்கையை மட்டுமே குலைக்கும்.

ஆங்கில எழுத்தில் அடிக்கப்படும் தமிழ்ச் சொற்கள்தாம் அதிகக் கவனத்தைக் கேட்கின்றன. முந்திரி என்ற சொல்லையே ஆளுக்கொரு எழுத்துக் கூட்டலில் அடிப்பார்கள். அவற்றுள் ஒரு கூட்டல், மலையாளத்தில் திராட்சையைக் குறிக்கும் சொல்லோடு அப்படியே ஒன்றிவிடுகிறது; அதை அடித்தால் திராட்சை பற்றிய முடிவுகளும் கலந்து வரக்கூடும். அத்தகைய சொல்லைக் குழுவின் தலைமைச் சொல்லாக, அதாவது அந்தக் குழு முழுவதையும் குறிக்கும் முதன்மைச் சொல்லாக, வைத்துக்கொள்ளக் கூடாது. ஆங்கில எழுத்துத் தமிழுக்கென்று தனிப் பக்கம் எழுதுவதையும் நான் பரிந்துரைப்பதில்லை. படிப்பவருக்கு அது நெருடல். நல்ல தமிழ்ப் பக்கம் ஒன்றும், தேவையானால் நல்ல ஆங்கிலப் பக்கம் ஒன்றும் போதும். இரண்டும் ஒரே பொருளின் இருமொழி வடிவங்கள் என்பதை எச்ரெஃப்லாங் (hreflang) என்ற, பக்கத்தின் மொழியைத் தேடுபொறிக்குச் சொல்லும் நிரல் குறிப்பால் ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள்.

சிறு வணிகத் தளங்களில் இன்னமும் காணப்படும் ஒரு குறையையும் இங்கே சொல்ல வேண்டும். அச்சகத்துக்குத் தயாரித்த விலைப்பட்டியலைப் படமாகவே பக்கத்தில் ஒட்டிவிடுவதும், ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஏற்றுவதும் உண்டு. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும் அந்த எழுத்து, தேடுபொறிக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். ஒருங்குறியில் தட்டச்சு செய்யப்பட்ட எழுத்தாக இல்லாத பக்கத்துக்கு எந்தக் குழுவும் உதவாது.

மூன்றாம் படி: முடிவுப் பக்கத்தைப் படித்தல்

நோக்கத்தை நாமே ஊகிக்க வேண்டியதில்லை. கோடிக்கணக்கானோரின் கிளிக்கையும் திரும்பலையும் பார்த்த கூகுள், அந்தச் சொல்லுக்கு எதை வைத்தால் தேடுபவர் நிறைவடைகிறார் என்று தான் கருதுவதை முதல் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பிரவுசரில் தனிப்பட்ட சாளரத்தை (இன்காக்னிட்டோ) திறந்து சொல்லை அடியுங்கள். தனிப்பட்ட சாளரம் உங்கள் பழைய தேடல்களின் தாக்கத்தைக் குறைக்கும், ஆனால் நீங்கள் இருக்கும் இடத்தை மறைக்காது. முடிவுப் பக்கத்தின் அடியில் கூகுள் எந்த ஊராக எடுத்துக்கொண்டது என்று எழுதியிருக்கும்; புதுச்சேரியிலிருந்து மொபைல் இணையத்தில் தேடும்போது அது சென்னை என்று காட்டுவதும் உண்டு. அந்த ஊர்ப் பெயரையும் தேதியையும் எக்செலில் சொல்லுக்கு எதிரே குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு பக்கத்தின் தோற்றத்தைப் பாருங்கள். பொருள் படங்களும் விலையும் வரிசையாக நின்று, கீழே விற்பனைத் தளங்களின் இணைப்புகள் வந்தால், அது வாங்கும் தேடல். வரைபடமும் மூன்று கடைகளின் பெயரும் மேலே வந்தால், நேரில் செல்பவரின் தேடல். அங்கே இணையப் பக்கத்தைவிடக் கடையின் கூகுள் பிசினஸ் புரொஃபைல், அதாவது கூகுள் வரைபடத்திலும் தேடலிலும் தோன்றும் கடை விவரக் குறிப்பு, முந்திச் செல்லும். உள்ளூர் முடிவுகளை, தேடலுக்கு எவ்வளவு பொருத்தம், எவ்வளவு தூரம், எவ்வளவு அறியப்பட்ட கடை என்ற மூன்றையும் வைத்து வரிசைப்படுத்துவதாகக் கூகுள் சொல்கிறது. எனவே அத்தகைய சொற்களைத் தனியே பிரித்து, புரொஃபைலைச் செம்மைப்படுத்தும் வேலையோடு சேர்த்துவிடுங்கள். யூடியூப் காணொளிகள் முதலில் நின்றால், செய்துகாட்டுவதைக் காண விரும்பும் தேடல். மேலே ஒரு பத்தியில் விடை எடுத்துக் காட்டப்பட்டு, கீழே நீண்ட கட்டுரைகள் வந்தால், அறியும் தேடல். ‘சிறந்த’, ‘எது நல்லது’ போன்ற தலைப்புகள் வரிசையாக வந்தால் ஒப்பீட்டுத் தேடல். எந்த வகையில் வருகிறது என்று எக்செலில் ஒரு பத்தியிலும், முதல் பத்து முடிவுகளின் இணைய முகவரிகள் (URL) எவை என்று அடுத்த பத்தியிலும் குறித்துவிட்டால், அடுத்த படிக்கான மூலப்பொருள் முழுவதும் கையில் இருக்கும்.

நான்காம் படி: குழுவாக்குதல்

இரண்டு சொற்கள் ஒரே குழுவா என்று அறிய நம்பத் தகுந்த சோதனை ஒன்று உண்டு. இரண்டையும் தனித்தனியே தேடி, முதல் பத்து முடிவுகளை ஒப்பிடுங்கள். நான்கு அல்லது அதற்கு மேல் ஒரே முகவரிகளாக இருந்தால், கூகுள் இரண்டையும் ஒரே தேவையாகக் கருதுகிறது. ஒரே பக்கம் போதும். ஒன்றுகூடப் பொதுவாக இல்லை, அல்லது ஒன்றுதான் பொது என்றால் தனித்தனிக் குழு. இரண்டு மூன்று பொதுவாக இருந்தால், முடிவுகளின் வகையைப் பார்த்துத் தீர்மானியுங்கள். நான்கு என்பது கூகுள் வகுத்த எண்ணன்று. தொழிலில் கைக்கொள்ளும் அளவுகோல், அவ்வளவே.

200 சொற்கள் கொண்ட பட்டியலில் ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டால் 19,900 இணைகள் வரும். அது மனிதர் செய்யக்கூடிய வேலையன்று. முதலில் தேவையை வைத்துக் கையாலேயே குவியல்களாகப் பிரியுங்கள். குவியலுக்கு ஒரு தலைமைச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள். ஐயமுள்ள சொல்லை மட்டும் தலைமைச் சொல்லோடு ஒப்பிடுங்கள்.

முந்திரிக் கடையின் பட்டியலில் இது எப்படி அமையும் என்று பார்ப்போம். ‘முந்திரி விலை’, ‘1 கிலோ முந்திரி விலை’, ‘இன்றைய முந்திரி பருப்பு விலை’, ‘பண்ருட்டி முந்திரி ரேட்’ ஆகியவை இயல்பாகவே ஒரு குவியலில் விழும். ஆனால் ‘முந்திரி கொட்டை விலை’ என்பதை இதில் சேர்த்துவிடக் கூடாது. அது தோல் நீக்காத கொட்டையை விற்கும் விவசாயியின் தேடல். கோடைக்கால அறுவடையை ஒட்டி வருவது. ஒரே ஒரு சொல்தான் வேறு, தேடுபவரோ கடையின் எதிர்ப்பக்கத்தில் நிற்பவர். இதற்கு மாறாக, ‘உடைத்த முந்திரி’, ‘பாயசத்துக்கு முந்திரி’, ‘துண்டு முந்திரி’ ஆகிய மூன்றும் எழுத்தில் ஒன்றோடொன்று ஒட்டாவிட்டாலும் ஒரே பொருளைத்தான் நாடுகின்றன. ‘முந்திரி மொத்த விலை’ தனிக் குழு, ஏனெனில் அதைத் தேடும் பேக்கரிக்காரருக்கும் இனிப்புக் கடைக்காரருக்கும் குறைந்தபட்ச அளவு, ரசீது, லாரி வாடகை ஆகியவை தெரிய வேண்டும். கால் கிலோ வாங்குபவருக்கு அவை எதுவும் வேண்டாம்.

சில குவியல்களைக் கைவிடும் துணிவும் வேண்டும். ‘கர்ப்பிணிகள் முந்திரி சாப்பிடலாமா’, ‘முந்திரி சாப்பிட்டால் கொழுப்பு கூடுமா’ போன்ற தேடல்கள் அளவில் பெரியவை. ஆகவே கடைக்காரரும் தள வடிவமைப்பாளரும் அவற்றின்மீது கண் வைப்பார்கள். உடல்நலத்தைத் தொடும் பக்கங்களில் எழுதுபவரின் தகுதிக்கும் நம்பகத்துக்கும் மிக உயர்ந்த தரத்தைக் கூகுளின் மதிப்பீட்டு நெறிகள் கேட்கின்றன. அதைவிட, மருத்துவர் சொல்ல வேண்டிய விடையை விற்பனையாளர் சொல்வது முறையும் அன்று. அந்தக் குவியலை அப்படியே விட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: குழுவுக்குப் பக்கம் ஒதுக்குதல்

எக்செலில் குழுவின் பெயர், தலைமைச் சொல், நோக்கம், பக்க வகை, முகவரி என்று ஐந்து பத்திகள் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஏற்கெனவே ஒரு பக்கம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதையே திருத்துங்கள். இல்லாவிட்டால் மட்டும் புதிது.

பக்க வகை நோக்கத்தோடு பொருந்த வேண்டும். வாங்கும் தேடலுக்கு 2,000 சொல் கட்டுரை எழுதி, விலையை அதன் அடியில் புதைப்பது வீண். ஒப்பீட்டுத் தேடலுக்கு வெறும் பொருள் படத்தைக் காட்டுவதும் அப்படியே. டபிள்யூ 240 என்றால் ஒரு பவுண்டு எடையில், அதாவது ஏறத்தாழ 454 கிராமில், 220 முதல் 240 முழுப் பருப்புகள் நிற்கும் என்றும், டபிள்யூ 320 என்றால் 300 முதல் 320 வரை நிற்கும் என்றும், ஆகவே எண் குறையக் குறையப் பருப்பு பெரிதாகும் என்றும் விளக்குங்கள். இரண்டையும் உள்ளங்கையில் அருகருகே வைத்து எடுத்த படத்தையும் போடுங்கள். பரிசுக்குக் கொடுக்க எது, கேசரியில் வறுத்துப் போட எது என்று சொல்லி, அங்கிருந்து விலைப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுங்கள். ஒப்பிட வந்தவருக்கு வேண்டியது இதுதான். இப்படி ஒரு குழுவின் பக்கத்திலிருந்து அடுத்த நோக்கத்தின் பக்கத்துக்குச் செல்லும் உள் இணைப்புகள், வாசகருக்கும் தேடுபொறிக்கும் ஒருசேர வழிகாட்டும்.

ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி மாற்றிப் பக்கங்கள் படைக்கும் ஆசையை அடக்குங்கள். கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி, சிதம்பரம், விருத்தாசலம் என்று ஐந்து ஊருக்கும் ஒரே பத்தியை நகலெடுத்து வைப்பதைக் கூகுள் தன் ஸ்பேம் கொள்கைகளில் ‘டோர்வே’ என்ற பெயரால் தடை செய்கிறது. சிதம்பரத்தில் கிளை இருந்து, அங்கே முகவரியும் நேரமும் இருப்பும் வேறாக இருந்தால் மட்டுமே தனிப் பக்கம் நியாயம்.

ஆறாம் படி: பக்கத்தை எழுதுதல்

தலைமைச் சொல் தலைப்பில் இயல்பாக அமையட்டும். ‘பண்ருட்டி முந்திரிப் பருப்பு விலை: 250 கிராம், 500 கிராம், 1 கிலோ’ என்ற தலைப்பு குழுவிலுள்ள பல சொற்களை ஒரே வரியில் தாங்கிவிடும். குழுவின் மற்றச் சொற்கள் துணைத் தலைப்புகளிலும் பத்திகளிலும் பொருளுக்குத் தேவையான இடத்தில் வந்தால் போதும். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பத் திணிப்பதும் ஸ்பேம் கொள்கைக்கு எதிரானதே. வாசகர் எதற்காக வந்தாரோ அந்த விடை, திரையை உருட்டாமலே கண்ணில் பட வேண்டும். விலைப் பக்கமானால் விலையும், அது புதுப்பிக்கப்பட்ட தேதியும், அனுப்பும் செலவும் மேலேயே இருக்கட்டும். பக்கத்தின் இணைய முகவரியில் தமிழ் எழுத்து வைப்பதைக் கூகுள் ஏற்கிறது. ஆயினும் வாட்ஸ்அப்பில் பகிரும்போது அது விழுக்காட்டுக் குறிகள் நிறைந்த நீண்ட சரமாக மாறிவிடுவதால், ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைப்பதே வசதி.

ஏழாம் படி: விளைவைப் பார்த்துத் திருத்துதல்

மாற்றம் முடிவுகளில் தெரியச் சில வாரங்களாவது ஆகும். சிலவற்றுக்குப் பல மாதங்கள் பிடிக்கும். அதற்குள் தலைப்பைத் தினமும் மாற்றிக்கொண்டிருக்காதீர்கள்.

சர்ச் கன்சோலில் ஒரு தேடுசொல்லைச் சொடுக்கி, ‘பக்கங்கள்’ என்ற பகுதிக்குப் போனால், அந்தச் சொல்லுக்கு உங்கள் தளத்தின் எந்தெந்தப் பக்கங்கள் தோன்றின என்று தெரியும். ‘முந்திரி விலை’ என்ற சொல்லுக்கு விலைப் பக்கம் ஒரு வாரமும், முகப்புப் பக்கம் மறு வாரமும் மாறி மாறி வந்து, இரண்டும் கீழேயே நின்றால், உங்கள் பக்கங்களே ஒன்றையொன்று மறிக்கின்றன என்று பொருள். இரண்டில் வலுவானதைத் தக்கவைத்து, மற்றதிலுள்ள நல்ல பகுதிகளை அதில் சேர்த்து, நீக்கும் பக்கத்தின் முகவரியை, வருபவரைத் தானாகவே வேறு பக்கத்துக்கு நிரந்தரமாக அனுப்பும் 301 ரீடைரக்டால், தக்கவைத்த பக்கத்துக்குத் திருப்புங்கள். திருப்ப வேண்டியது முகப்புப் பக்கமே என்றால் அது இயலாது; அப்போது முகப்பிலுள்ள விலைப் பட்டியலை எடுத்துவிட்டு, விலைப் பக்கத்துக்கு இணைப்பு மட்டும் வையுங்கள். இரண்டு பக்கங்களும் மேலே நின்று, இரண்டுக்கும் கிளிக் வருகிறது என்றால் ஒன்றையும் தொட வேண்டாம்.

ஒரு பக்கம் பலமுறை தோன்றியும் கிளிக் வரவில்லையானால், அது தோன்றிய சொற்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள். விலைப் பக்கம் ‘முந்திரி கேசரி செய்முறை’ என்பதற்கெல்லாம் தோன்றிக்கொண்டிருந்தால், தலைப்பை மெருகேற்றுவதால் எதுவும் ஆகாது. அந்தச் சொல் வேறு குழுவைச் சேர்ந்தது.

நோக்கம் பருவத்தோடு மாறவும் செய்யும். ஆண்டின் மற்ற மாதங்களில் கிலோ விலையைத் தேடுபவர்கள், தீபாவளி நெருங்கும்போது பரிசுப் பெட்டியையும் முந்திரி இனிப்பையும் தேடத் தொடங்குவார்கள். முடிவுப் பக்கத்தின் தோற்றமும் அதற்கேற்பத் திரும்பும். கூகுள் டிரெண்ட்ஸில் 2004 முதலான போக்கு 0 முதல் 100 வரையிலான ஒப்பளவில் கிடைக்கிறது. அதில் ‘தேடுசொல்’ என்பதற்குப் பதில் ‘தலைப்பு’ என்ற தேர்வை எடுத்தால், பல எழுத்துக் கூட்டல்களும் மொழிகளும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். சர்ச் கன்சோல் 16 மாதம் பின்னோக்கிக் காட்டுவதால், சென்ற ஆண்டுத் தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரத் தேடல்களை இவ்வாண்டு செப்டம்பரிலேயே எடுத்துப் பார்த்துவிடலாம். அதில் புதிதாக எழும் சொற்களைத் தனிக் குழுவாக்கி, பரிசுப் பெட்டிகளுக்கான பக்கத்தை முன்கூட்டியே ஏற்றிவிடுங்கள். பண்டிகை முடிந்ததும் அதை நீக்காமல், ஆண்டு எண் இல்லாத முகவரியில் அப்படியே வைத்திருந்து, அடுத்த ஆண்டு விலையையும் படங்களையும் மட்டும் புதுப்பியுங்கள்.